ஏழாவது கம்பி, சாய்ந்த ஃப்ரெட்

ஐந்து கட்டை சுருதியில் பாடும் பாடகிக்குக் கிடார் வாசித்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். மந்தர ஷட்ஜமான ஜி, ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. ஒரு விரலை அங்கேயே அடகு வைத்தால்தான் அது ஒலிக்கும். மேலே ஸ்வரம் பிடிக்க மிச்ச விரல்கள் போதாது. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, அனுமந்தரத்தில் உள்ள ஜி, ஆறு கம்பிக் கிடாரில் கிடையவே கிடையாது. மெட்டல் வாசிக்கும் இளைஞர்கள் ஏழு கம்பி கேட்பது ரிஃப்புக்காக. நான் தேடியது இந்த ஷட்ஜத்துக்காக.

ஏழாவது கம்பியைச் சேர்த்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. வழக்கமாக அதைப் பி-யில், அதாவது ஏழு கட்டையில் வைப்பார்கள். அதிர்வெண் ஏறக்குறைய 61.7 ஹெர்ட்ஸ். அதையே ஜி-க்கு, 49 ஹெர்ட்ஸுக்கு, இறக்கினால் கம்பியின் இழுவிசையில் 37 சதவீதம் போய்விடுகிறது. கம்பி தொளதொளத்துப் போய், பலமாக மீட்டிய கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்கும். தம்பூரா ஒலிக்கும்போது இந்த அலைச்சல் அப்பட்டமாகக் கேட்கும். கம்பியைத் தடிமனாக்கலாம்தான், ஆனால் ஓரளவுக்கு மேல் போனால் நாதம் மந்தமாகிவிடும். இன்னொரு வழி கம்பியின் நீளத்தைக் கூட்டுவது. இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், 25.5 அங்குலத்தை 27 ஆக்கினாலே 12 சதவீதம் கூடுகிறது. எல்லாக் கம்பிகளையும் 27 அங்குலமாக்கினாலோ மெல்லிய கம்பிகள் விறைத்து, கமகத்துக்கு இழுக்கவே விடாது.

மல்டிஸ்கேல் கிடார் இந்த இரண்டுக்கும் நடுவே போகிறது. தடித்த கம்பிக்கு அதிக நீளம், மெல்லிய கம்பிக்குக் குறைந்த நீளம். அதனால் ஃப்ரெட்டுகள் விசிறி மடிப்பு போல விரிந்திருக்கும். யோசனை பழையது, 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஆர்ஃபேரியன் என்ற வாத்தியத்திலேயே சாய்ந்த ஃப்ரெட்டுகள் உண்டு. மின்கிடாருக்கு அதைக் கொண்டுவந்து 1989-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ரால்ஃப் நோவாக். அடுத்த ஆண்டே ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் ஏழு கம்பி யூனிவர்ஸை வெளியிட்டது. இரண்டும் ஒரே கிடாரில், நடுத்தர விலையில் கைக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

நான் வாங்கியது கார்ட் நிறுவனத்தின் கே.எக்ஸ். 307 எம்.எஸ். ஏழு கம்பி, 24 ஃப்ரெட், நீளம் 25.5-லிருந்து 27 அங்குலம் வரை, ஹம்பக்கர் பிக்கப்புகள். மெல்லிய கம்பியின் 25.5 அங்குலம் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அதே நீளம் என்பதால், அந்தப் பக்கம் கைக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. தி.நகர் கடையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது, யூகுலேலே வாங்க வந்த பையன் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஃப்ரெட்டெல்லாம் கோணலா இருக்கே, டேமேஜ் பீஸா?" என்று அக்கறையோடு கேட்டான். பார்வைக்குத்தான் அது கோணல். கை தானாகவே அந்தச் சாய்வில் விழுகிறது. முழங்கை உடம்பை ஒட்டியிருக்கும்போது விரல்கள் இயல்பாக அப்படித்தான் விரியும். கஷ்டம் இரண்டே இடத்தில்: முதல் ஃப்ரெட்டில் எஃப் பார் கார்டு பிடிக்கும்போது மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறது, 17-க்கு மேலே எதிர்ப்பக்கச் சாய்வு கூடிக்கொண்டே போவதால் மூன்று கம்பிக் கார்டுகள் நெருக்கடியாகின்றன.

எனக்கு முக்கியமான பரீட்சை தோடியின் காந்தாரம். மேல் கம்பியில் ரிஷபத்திலிருந்து இழுத்து அசைத்தேன், சிரமமில்லாமல் வந்தது. நடுக் கம்பிகளில் ஜாருவுக்குச் சாய்வு தடையாகவே இல்லை. ஏழாவது கம்பியில் இழுத்து வாசிப்பது உதவாது. ஜாரு மட்டும்தான் கைகொடுக்கிறது. ஆனால் அந்த ஜாருவின் கனம் ஆறு கம்பிக் கிடாரில் கிடைக்காத ஒன்று. கர்நாடக சங்கீதத்துக்காகக் கம்பி சேர்ப்பது சென்னைக்குப் புதிதல்ல. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நான்கு ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு மின்மாண்டலின் வாசித்தார். கீழ் ஸ்தாயிக்கு வழி திறந்ததால்தான் அவருடைய ராக ஆலாபனை அத்தனை விரிந்தது என்று நான் நம்புகிறேன். வீணையிலும் கம்பி ஏழு, மெட்டு 24. அதில் நான்கு வாசிக்க, மூன்று தாளத்துக்கு. என் ஏழாவது கம்பியையும் பெரும்பாலும் வீணையின் தாளக்கம்பி போலத்தான் பயன்படுத்துகிறேன்.

ஆம்ப் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் 49 ஹெர்ட்ஸைச் சரியாகத் தராது. காதில் விழுவது மேல் ஒத்திசைகள்தான். ஆடியோ இன்டர்ஃபேஸும் நல்ல ஹெட்ஃபோனும் இருந்தால் கீழ் ஜி முழுசாகக் கேட்கிறது. மயிலாப்பூரில் சுவரை ஒட்டிச் சுவர் உள்ள அடுக்ககத்தில் ராத்திரி சாதகம் பண்ண அதுவே தோதும்கூட.

பெட்டியைப் பிரித்ததும் அப்படியே ஜி-க்கு இறக்கிவிடாதீர்கள். 25.5 அங்குலக் கிடாரில் 62 தடிமன் கம்பி பி-யில் தரும் பிடிப்பு இங்கே 27 அங்குலத்தில் ஜி-யிலும் வேண்டுமானால், கணக்குப்படி 74 தடிமன் போட வேண்டும். இதுவும் 25.5 அங்குலக் கிடாராக இருந்தால் அதுவே 78 ஆகியிருக்கும். 74 கம்பி நட்டில் உள்ள பள்ளத்தில் முழுதாக இறங்காமல் மேலே தொக்கி நிற்கும். பள்ளத்தை அரத்தால் பக்குவமாக அகலப்படுத்த வேண்டும்; ஒரு இழுப்பு கூடிப்போனாலும் கம்பி முதல் ஃப்ரெட்டில் இடித்து இரையும். தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். செட்டப் முடிந்தபின் இன்டொனேஷனையும், தடித்த கம்பிக்கு சேடில் போதுமான அளவு பின்னால் போகிறதா என்பதையும் அங்கேயே சரிபார்த்துவிட வேண்டும்.

ஏழு கம்பி செட் எல்லாக் கடையிலும் தொங்காது. 74 ஒற்றைக் கம்பி இன்னும் அரிது. ஆன்லைனில் வாங்கும்போது இரண்டு சேர்த்தே வாங்குங்கள். அடையாறு, சாந்தோம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று கம்பியை மட்டுமல்ல, சேடிலின் குட்டித் திருகுகளையும் பதம் பார்க்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து உறைக்குள் வைத்துவிட வேண்டும். ஏ.சி. அறையில் மாதக்கணக்கில் கிடந்த கிடார் என்றால், மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாங்குமுன் கழுத்தின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை நட்டிலிருந்து உடல்வரை ஓட்டிப் பாருங்கள்.

மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்கள் இதை வாங்குவதற்கு நான் ஆதரவில்லை. பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும் மேடையில் கேபோ இல்லாமல் ஓடாது. நேரான கேபோ இந்தச் சாய்ந்த ஃப்ரெட்டில் ஒழுங்காக உட்காராது; ஒரு ஓரம் அழுத்தினால் மறு ஓரம் ஃப்ரெட்டை விட்டுத் தள்ளிப்போகும். அவர்களுக்கு நல்ல ஆறு கம்பியே போதும். ஒரே சுருதியில் இரண்டு மணி நேரம் உட்காருகிறவர்களுக்கும், ஸ்டுடியோவில் கீழ் ஸ்தாயி வேண்டுகிறவர்களுக்கும் இது கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும்.