உறைந்த ஓடோமீட்டர்

1974 முதல் 1993 வரை சுவீடனின் வோல்வோ தயாரித்த 240 வரிசை ஸ்டேஷன் வேகனுக்குச் செங்கல்லில் சக்கரம் பூட்டியது போன்ற தோற்றம். அதன் அழகு பழுதுபார்க்கையில்தான் தெரியும். நீளவாக்கில் வைத்த நான்கு சிலிண்டர் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடமுண்டு. பிந்தைய பி230 எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும். வால்வு பெரும்பாலும் வளையாது.

பழைய வண்டி என்றால் செலவு ஓயாது என்பார்கள். உண்மைதான், ஆனால் இதில் எது கெடும் என்பது முன்பே தெரிந்த சங்கதி. ஓடோமீட்டரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்து எண் உறைந்துபோவது இதன் குலவழக்கம். ஆகவே குறைந்த கிலோமீட்டரைக் கண்டு மயங்காமல், கம்பளத்தைத் தூக்கித் தரைத்தகட்டில் துரு இருக்கிறதா என்று பார்ப்பதே புத்தி. 1987 வரையிலான பல வண்டிகளில் எஞ்சின் வயரிங்கின் உறை அப்பளமாய் நொறுங்கும். மாற்றியாயிற்றா என்று கேட்க வேண்டும். எண்ணெய் கசிந்தால் உடனே சீலைப் பழிக்கக் கூடாது. எஞ்சினின் ஆவி வெளியேறும் வழியில் ஃபிளேம் ட்ராப் என்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சாமான் இருக்கிறது. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் சீல் வழியே பிதுங்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய மெக்கானிக்கே வேண்டியதில்லை.

விபத்துப் பாதுகாப்பில் இன்றைய காருக்கு இது ஈடல்ல. பாதுகாப்பான கார் என்ற பெயர் அன்றைய அளவுகோலில் எடுத்தது. அந்தக் கணக்கே முதன்மை என்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.