பஃபின்களைப் பார்த்தே தீர வேண்டும்!

பறவைப் பைத்தியம் எனக்குப் பழையதுதான். ஆனால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலில், ஈஸ்டர்ன் எக் ராக் தீவைப் படகில் சுற்றி வந்தபோது தலைகால் புரியவில்லை! தீவு மொத்தமே ஏழு ஏக்கர்தான். மரமில்லை, வெறும் பாறையும் புல்லும். அந்தப் பாறைகள்மேல் கறுப்பு வெள்ளை உடம்பும் ஆரஞ்சுக் கால்களும் வண்ண அலகுமாகப் பஃபின்கள்! ஒன்று படபடவென்று சிறகடித்துப் படகைத் தாண்டிப் போனது. அதன் அலகில் வரிசையாக மீன்கள். நான் கத்தியே விட்டேன்.

இத்தனைக்கும் இந்தத் தீவில் ஒரு காலத்தில் ஒரு பஃபின்கூட இல்லை. இறைச்சிக்கும் இறகுக்கும் முட்டைக்கும் வேட்டையாடி, 1880களிலேயே அவற்றைத் துடைத்தெடுத்துவிட்டார்கள். திரும்பக் கொண்டுவந்தவர் பறவை ஆய்வாளர் ஸ்டீபன் கிரெஸ். 1973 முதல் 1986 வரை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து 954 குஞ்சுகளைக் கொண்டுவந்தார்கள். கையால் வளை தோண்டி, அதில் விட்டு, வாசலில் மீன் வைத்து வளர்த்தார்கள். இறகு முளைத்ததும் குஞ்சுகள் கடலுக்குப் போயின. பஃபின் குஞ்சு கடலுக்குப் போனால் இரண்டு மூன்று வருடம் கரைப்பக்கமே வராது. என்ன பொறுமை வேண்டும், பாருங்கள்!

அதற்குப் பிறகு கிரெஸ் செய்ததுதான் அட்டகாசம். பாறைகள்மேல் மர பஃபின் பொம்மைகளை நிறுத்தி வைத்தார். தெருவில் நாலு பேர் கூடி நின்றால் நாமும் எட்டிப் பார்ப்போமில்லையா? பறவைக்கும் அதே புத்திதான். 1977இல் பஃபின்கள் வந்து எட்டிப் பார்த்தன. 1981 ஜூலை 4 அன்று ஒரு பஃபின் அலகில் மீனோடு பாறை இடுக்குக்குள் நுழைந்தது. உள்ளே குஞ்சு இருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? 2019இல் அங்கே 188 ஜோடிகள் கூடு கட்டியிருந்தன!

ஆலா என்னும் கடற்பறவைகளுக்கும் இதே வித்தைதான்: பொம்மையோடு ஒலிபெருக்கியில் ஆலாக்களின் கூச்சல். அவையும் வந்துவிட்டன. முட்டையையும் குஞ்சையும் தூக்கிப் போகும் கடற்காகங்களை அவை கூட்டமாகப் பாய்ந்து விரட்டுவதால் பஃபின்களுக்கும் காவல். ஜப்பானின் தோரிஷிமா தீவில் அல்பட்ராஸ்களை அழைத்ததும் பொம்மையும் ஒலியும்தான்.

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. மெய்ன் வளைகுடா வேகமாகச் சூடேறுகிறது. வழக்கமான மீன் கிடைக்காத வருடங்களில், குஞ்சின் தொண்டைக்குள் போகாத அகல மீன்கள்தான் வளைக்கு வந்து சேர்கின்றன. அதனால் இன்றும் ஒவ்வொரு கோடையிலும் இளம் ஆய்வாளர்கள் தீவிலேயே தங்கி, கூடுகளை எண்ணிக் காவல் காக்கிறார்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களே, நயாகராவோடு திரும்பிவிடாதீர்கள். ஜூன், ஜூலையில் நியூ ஹார்பர் அல்லது பூத்பே ஹார்பருக்குப் போய்ப் படகேறுங்கள். தீவில் இறங்க விட மாட்டார்கள், அதுதான் நியாயமும்கூட. பைனாகுலரும் ஸ்வெட்டரும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.