காலதரும் திண்ணையும்: புதுச்சேரி கோல்கொண்டா விடுதி பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

சாளரத்திற்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்களுள் காலதர் என்பது ஒன்று. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே அச்சொல்லின் பொருள். பலகணி என்னும் பெயர் கண்கள் பல உடைமையால் வந்தது. இன்று பெருவழக்காயுள்ள சன்னல் என்பதோ போர்த்துகீசியரிடமிருந்து பெற்றது. பெயர்கள் பல இருப்பினும், வீட்டிற்குக் காற்று இன்றியமையாதது என்னும் கருத்தை நேரே உணர்த்துவது காலதர் என்னும் சொல்லே. காற்றை வெளியே நிறுத்திவிட்டுப் பின்னர்ப் பொறியால் குளிரை விலைக்கு வாங்கும் கட்டடங்கள் நாடெங்கும் பெருகிவரும் இந்நாளில், இச்சொல்லை நினைவுகூர்தல் தகும்.

புதுச்சேரி நகரில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குவதற்கென எழுந்த கோல்கொண்டா என்னும் விடுதியைக் கட்டடக்கலை வல்லார் பலரும் பாராட்டியுள்ளனர். இந்தியாவில் புதுமைக் கட்டடக்கலையின் தொடக்கங்களுள் ஒன்று அஃது என்பர். அக்கூற்றை யாம் மறுக்கவில்லை. எனினும் பாராட்டு வேறு, மதிப்பீடு வேறு. ஒரு கட்டடத்தை மதிப்பிடுவார் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும் என்பது எம் கருத்து. அது தான் நிற்கும் நிலத்தின் வெயிலோடும் காற்றோடும் இயைந்ததா? பொருளையும் உழைப்பையும் எவ்வாறு ஆண்டது? உள்ளிருப்பார்க்கன்றிப் பிறர்க்கும் இடம் தருகின்றதா? கட்டியபின் பேணப்படுகின்றதா? இந்நான்கினையும் முறையே காண்போம்.

விடுதியின் வரலாறு

இவ்விடுதியை வரைந்தவர் அந்தோனின் ரேமண்ட் என்பார். 1888இல் பொகீமியாவில் பிறந்த இவர், அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டுடன் டோக்கியோ நகரில் இம்பீரியல் ஓட்டல் பணியில் ஈடுபட்டுப் பின்னர் ஆங்கேயே தம் அலுவலகத்தை நிறுவியவர். ஆசிரமத்தின் அன்னை இவ்விடுதியை எழுப்பக் கருதியபோது, ஐதராபாத் நிசாமின் அமைச்சர் சர் அக்பர் ஐதரியின் வழியாகப் பொருளுதவி கிடைத்தது. ஐதராபாத்தை அடுத்த கோல்கொண்டாக் கோட்டையின் பெயர் விடுதிக்கு வந்த காரணம் அதுவே.

1937இல் ரேமண்டின் அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நாகாஷிமா புதுச்சேரிக்கு வந்து பணியை மேற்பார்த்தார். சப்பானியப் பெற்றோர்க்கு அமெரிக்காவில் பிறந்த இவர், ஆசிரமத்தில் சேர்ந்து சுந்தரானந்தர் என்னும் பெயர் பெற்றார். இவருடன் பிரான்டிசேக் சாமர் என்னும் செக் நாட்டவரும் பணியாற்றினார். நாகாஷிமா 1939இல் புறப்பட்டுச் சென்றார். இரண்டாம் உலகப்போர் குறுக்கிட்டமையால், விடுதி 1940க்குப் பிற்பட்ட ஆண்டுகளிலேயே முற்றுப்பெற்றது. செக், அமெரிக்கர், சப்பானிய மரபினர், இந்தியர் எனப் பல நாட்டார் கூடிப் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஒரு தமிழூரில் எழுப்பிய கட்டடம் இது.

காற்றும் வெயிலும்

இவ்விடுதியின் நெடும்பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. கிழக்கும் மேற்கும் குறுகியவை. காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்ந்து வந்து சுவரைச் சுடுவதனைத் தடுக்கும் முறை இது. வடபுறம் நீண்ட நடைவழி. அதனை அடுத்துத் தென்புறம் அறைகள். புறச்சுவர் இருக்கவேண்டிய இடத்தில், கல்நார் சிமெண்டினால் ஆகிய அகன்ற பலகைகள் கிடைநிலையில் வரிசையாக அமைந்துள்ளன. பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால் பலகைகள் சாயும். வேண்டுமளவு காற்றையும் ஒளியையும் உள்ளே விடலாம். மழை வரின் மூடலாம். நடைவழிக்கும் அறைக்கும் இடையே தேக்குச் சட்டங்களால் ஆகிய இழுப்புக் கதவுகள் உள்ளன. அவை மூடியிருக்கும்போதும் இடைவெளிகளின் வழியே காற்று செல்லும். ஆனால் உள்ளிருப்பார் புறத்தார்க்குத் தோன்றார். கூரையும் இருமடியானது. தட்டையான தளத்தின்மேல் வளைந்த கற்காரை ஓடுகள் இடைவெளி விட்டு அமைந்தமையால், வெயில் மேலோட்டைச் சுடுமேயன்றி அறையை எளிதிற் சுடாது.

சுருங்கக் கூறின், கட்டடம் முழுவதுமே ஒரு காலதர். சுவரில் சாளரம் வைப்பது உலகியல். சுவரையே சாளரமாக்கியது இங்குள்ள புதுமை.

ஆயினும் இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, வேனிற்காலத்தில் தென்றல் புகும் படுக்கையறையின் சாளரம் கூதிர்க்காலத்தில் தாழிட்டுக் கிடந்தமையைக் கூறுகின்றது. பருவத்திற்கு ஏற்பத் திறத்தலும் அடைத்தலும் வேண்டும் என்பதனை நக்கீரர் கண்டிருந்தார். அரண்மனை எழுப்புவோர் நண்பகலில் நிழலை நோக்கித் திசையறிந்து, நூலிட்டு, மனை வகுத்தமையையும் அப்பாட்டிற் காண்கிறோம். இதனால் ரேமண்ட் தமிழ் நூல்களைக் கற்றே இவ்விடுதியை வரைந்தார் என்று கூறுவார் உளராயின், அவர் கூற்றை யாம் ஏலோம். அதற்குச் சான்று இல்லை. ஒரே வெயிலும் ஒரே காற்றும் கூர்ந்து நோக்குவார் இருவரை ஒரே முடிவிற்குக் கொண்டுவந்தன என்பதே பொருந்தும். நம் முன்னோர் பெருமை நிலைபெறுவதற்குப் பிறர் அறிவைக் குறைத்தல் வேண்டுவதன்று.

பொருளும் உழைப்பும்

இரண்டாவது வினா பொருள் பற்றியது. கதவும் கட்டிலும் மேசையும் தேக்கால் ஆயின. தரை கடப்பைக் கல். சுவர்ப்பூச்சில் சிப்பி கலந்தது. பித்தளைப் பொருள்கள் பலவும் கட்டுமிடத்திலேயே வார்க்கப்பட்டன. ஆசிரமத்தார் அளித்த பழங்கலங்களை உருக்கி வார்த்தனர் என்பர். கூலியாட்களுடன் ஆசிரமத்தாரும் சேர்ந்து வேலை கற்றுக்கொண்டே கட்டினர். ஓர் அறையை முதலில் முழு அளவில் கட்டிப் பார்த்து, குறை கண்டு திருத்திய பின்னரே மேற்சென்றனர். விரைவு இங்கு நோக்கமாக இருந்ததில்லை.

அறைகலன்கள் பற்றித் தனியே கூறல் வேண்டும். அறைக்கு இன்றியமையாத சிலவே உள்ளன. அவற்றில் அணியும் செதுக்கும் இல்லை. மரத்தின் வரியே அணி. நாகாஷிமா பின்னாளில் அமெரிக்காவில் மரக்கலைஞராய்ப் பெரும்புகழ் எய்தினார். மரத்தின் இயல்பிற்குக் கைவினைஞன் அடங்கி நடத்தல் வேண்டும் என்னும் அவர்தம் கொள்கையின் முதற்பயிற்சிகளுள் ஒன்று புதுச்சேரியில் நிகழ்ந்தது எனலாம். இங்கும் நெடுநல்வாடை நினைவிற்கு வருகின்றது. அரசியின் வட்டக்கட்டிலுக்குப் போர்க்களத்தில் பட்ட யானையின் கொம்பே கொள்ளப்பட்டது என்கிறது அப்பாட்டு. கட்டிலுக்காக யானையைக் கொல்லவில்லை என்பது குறிப்பு. செல்வத்தின் உச்சியில் இருந்த அரண்மனையும் பொருள் எவ்வாறு வந்தது என்று வினவியது.

இவ்வினாவை விடுதியின்மேலும் எழுப்புதல் நேர்மை. சாயும் பலகைகளில் உள்ள கல்நார், தூளாகி மூச்சில் கலப்பின் நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் தரும் என்பது இன்று தெளிவு. பல நாடுகள் அதனை விலக்கிவிட்டன. சிமெண்டோ உலகில் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காட்டிற்குக் காரணமாகின்றது. கட்டியோர் இவற்றை அறிந்திலர்; ஆதலின் அவர்மேற் குற்றமில்லை. அறிந்தபின் அவ்வாறே செய்வோர்மேல் குற்றம் உண்டு. கோல்கொண்டாவைப் பின்பற்றுவோர் அதன் கற்காரையைப் பின்பற்றாது, காற்றைப் பற்றிய அதன் சிந்தனையைப் பின்பற்றுதல் வேண்டும். அண்மையிலுள்ள ஆரோவில்லில், சிறிதளவே சிமெண்டு கலந்து அழுத்திய மண்கட்டிகளால் எழுந்த கட்டடங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பிறர்க்கு இடம்

மூன்றாவது வினாவே எம்மை நெடிது நிறுத்தியது. கோல்கொண்டா காற்றுக்குத் திறந்தது, தெருவுக்கு மூடியது. மதிலும் தோட்டமும் அதனைச் சூழ்ந்துள்ளன. அமைதி வேண்டுவார் உறையும் இடத்திற்கு அது தகும். எனினும், வீடு ஊர்க்குச் செய்யும் கடமை யாது என்று கேட்பின், வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ் தெருக்களுக்கே செல்லல் வேண்டும்.

அத்தெருக்களின் பழைய வீடுகளில் தெருவை ஒட்டித் தூண்கள் தாங்கிய தாழ்வாரம்; அதன் உள்ளே திண்ணை; திண்ணையைக் கடந்தால் பெருங்கதவு; அதன்பின் முற்றம். தாழ்வாரம் வழிநடப்பார்க்கு நிழல். திண்ணை களைத்தார்க்கு இருக்கை. வீட்டார் தம் மனையில் ஒரு பகுதியைப் பூட்டாமல் ஊருக்கு விட்டுவைத்தனர். உலகக் கட்டடக்கலைஞர் இன்று 'சமூக நோக்கு' என்று பேசுவது, இங்கே செங்கல்லும் சுண்ணமுமாய்க் கிடக்கின்றது.

ஆனால் திண்ணையைப் புகழ்வார் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுகின்றனர். அத்திண்ணையில் எல்லாரும் அமர்ந்தாரல்லர். சாதி அங்கே காவல் நின்றது. களைத்தவன் யார் என்று கேட்ட பின்னரே திண்ணை இடம் கொடுத்தது. அன்று தாழ்த்தப்பட்டோர் சிலர்க்குத் தெருவே இல்லை, பின்னன்றோ திண்ணை? எனவே திண்ணையின் வடிவம் அறத்திற்கு வழி செய்தது. ஆனால் அவ்வடிவமே அறமாகிவிடவில்லை. பிறப்பை வினவாமல் பல நாட்டாரையும் ஒரே அளவான அறைகளில் உறையவைத்த கோல்கொண்டா இவ்வகையில் திண்ணையினும் உயர்ந்தது. மதில் எழுப்பியமையால் அதனினும் தாழ்ந்தது. இரண்டையும் ஒருங்கே கூறுவதே நடுவுநிலைத் திறனாய்வு.

பேணல்

இறுதி வினா பேணல் பற்றியது. புதுச்சேரிக் கடற்கரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த நகராட்சிக் கட்டடமாகிய மேரி, 2014 நவம்பர் 29இல் மழையின்போது இடிந்து வீழ்ந்தது. பழுதுற்றிருந்த அதனைச் செப்பனிடல் வேண்டும் என்னும் பேச்சு நெடுங்காலம் பேச்சாகவே இருந்தது. பின்னர்ப் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. தோற்றத்தை மீட்டல் கூடும். இடையில் இழந்த மரமும் சுண்ணமும் உழைப்பும் மீளா.

இதற்கு மாறாக, வைசியாள் தெருவில் இன்டாக் அமைப்பும் நகராட்சியும் ஐரோப்பிய உதவியுடன் வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டன. அப்பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இடம்பெற்றது. கோல்கொண்டாவும் இன்றுவரை நிலைத்து நிற்பது அதன் கற்காரையின் வலிமையால் மட்டுமன்று. தரையை நாள்தோறும் துடைத்தும், பித்தளையைத் துலக்கியும், கதவைப் பழுது பார்த்தும் வருகின்ற கைகளால் நிற்கின்றது. கட்டும் கலைஞன் பெயரை உலகம் அறியும். பேணும் கைகளின் பெயரை அறியாது. ஒரு பொருள் நெடுநாள் உழைக்குமாயின் அதற்கு மாற்றாக வேறொரு பொருள் செய்யவேண்டுவதில்லை. ஆதலின் பேணலும் ஆக்கமே.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன யாவை? காற்றோடு இயைதலில் கோல்கொண்டா தலைசிறந்தது. பொருளை ஆண்டதில் அதன் சிக்கனமும் பொறுமையும் கொள்ளத்தக்கன, கல்நார் தள்ளத்தக்கது. ஊர்க்கு இடம் தருதலைத் திண்ணையிடமிருந்தும், பிறப்பு வினவாமையைக் கோல்கொண்டாவிடமிருந்தும் கற்றல் வேண்டும். பேணாத வழி இரண்டும் மேரி போல வீழும்.

இன்று அத்தெருக்களில் பழைய வீடு இடிபடும் இடங்களிற் பலவற்றில், முதலில் மறைவது திண்ணையே. அவ்விடத்தில் வண்டி நிறுத்த இடமும் இரும்புக் கதவும் வருகின்றன. பின்னர்ச் சாளரம் அடைபட்டுக் குளிர்ப்பொறி வருகின்றது. அப்பொறி உள்ளறையின் வெப்பத்தைத் தெருவிலே கொட்டுகின்றது. முன்னாளில் வழிப்போக்கற்கு நிழல் தந்த வீடு, இந்நாளில் அவற்கு அனல் தருகின்றது. இம்மாற்றத்தை வளர்ச்சி என்று கூறுவாரோடு எமக்கு உடன்பாடு இல்லை. பழைய வீடு அனைத்தையும் அவ்வாறே காத்தல் இயலாது என்பதை யாம் அறிவோம். புதுவீடு கட்டுவார் காலதர் ஒன்றும் திண்ணை ஒன்றும் வைத்துக் கட்டுவாராயின், அத்திண்ணை இம்முறை யார்க்கும் உரியதாகுமாயின், அதுவே போதும்.