பசுமையின் அளவுகோல்

கல்லூரி தேடும் மாணவர்முன் இன்று இரு வாக்குறுதிகள் வைக்கப்படுகின்றன: வளாகம் பசுமையானது, படித்து முடித்தபின் உத்தியோகத்துக்கு வழிகாட்டப்படும். இரண்டும் வேண்டியவையே. ஆயின், அவற்றை எக்கோல் கொண்டு அளக்கிறார்கள்?

இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய ‘கிரீன்மெட்ரிக்’ தரவரிசையை எடுத்துக்கொள்வோம். மேற்குலகிற்கு வெளியே பிறந்த முயற்சி என்பது அதன் சிறப்பு. 2022இல் அதன் நூறு பங்கில் சக்திக்கு 21; கழிவு, போக்குவரத்து, கல்வி ஆகியவற்றுக்குத் தலா 18; வளாக அமைப்புக்கு 15; நீருக்கு 10. விபரம் தருவதோ போட்டியிடும் நிறுவனமே. குப்பை எவ்வாறு அகற்றப்படுகிறது என்று வினவும் இக்கோல், அதை அகற்றும் கைகளின் கூலிக்கெனத் தனித் தலைப்பொன்று வகுக்கவில்லை. உழைப்பவனை மறந்த பசுமை செல்வர் வீட்டுப் பூந்தோட்டமே.

தொழில் வழிகாட்டலும் இத்தகையதே. விண்ணப்பம் எழுதவும் நேர்முகப் பரீட்சைக்கு முகங்கொடுக்கவும் அது பயிற்றுகிறது, நன்று. ஆனால், 2017இல் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலை கோரி வீதியோரத்தில் அமர்ந்த நம் பட்டதாரிகளிடம் இருந்த குறை விண்ணப்பம் எழுதத் தெரியாமையா? வேலையை ஆக்காத பொருளாதாரத்தின் குற்றம் மாணவரின் திறமைக் குறைவாகக் காட்டப்படுகிறது.

எனவே, மாணவர் கேட்க வேண்டியவை இவை: இவ்வளாகத்தைக் கூட்டித் துப்புரவு செய்வோர் என்ன கூலி பெறுகின்றனர்? சென்ற ஆண்டுகளில் வெளியேறியவருள் எத்தனை பேர், எத்தகைய வேலையில் இருக்கின்றனர்? இவற்றுக்கு விடை கூறாத கையேடு, எத்துணை அழகிய படங்களைக் கொண்டிருப்பினும், வெறும் விளம்பரமே.