சித்தூர் அதிரசமும் திருகோணமலைக் கேக்கும்

பூ வடிவ இரும்பு அச்சை எண்ணெயில் காயவைத்து, கரைத்த அரிசிமாவில் விளிம்பு மூழ்காமல் தோய்த்து, மறுபடி எண்ணெயில் விட்டு உதறினால் அச்சு முறுக்கு. திருப்பதி, சித்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இந்த அச்சு பரணிலிருந்து இறங்கினால் டிசம்பர் பாதி தாண்டிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். தெலுங்கு பேசும் வீடுகளில் அதற்குக் குலாபி புவ்வுலு என்று பெயர். கடலுக்கு அந்தப் பக்கம் இதே அச்சு சித்திரையில்தான் அடுப்படிக்கு வரும். ஒல்லாந்தர் விட்டுப்போனதாகச் சொல்லப்படும் கொக்கிஸ், இலங்கையில் புத்தாண்டுப் பலகாரம். அங்கே நத்தார் எனப்படும் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்காரி கவலைப்படுவது கேக்கைப் பற்றி.

திருமலை உச்சியில் கிறிஸ்துமஸ் கிடையாது; பிற மதப் பிரசாரத்துக்கே அங்கே தடை. மார்கழி முழுக்க மலைமேல் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவை ஒலிக்கும். நான் பேசுவது அடிவாரத்தையும் அதற்குத் தெற்கே சித்தூர் வரையுள்ள ஊர்களையும் பற்றி. இலங்கைத் தமிழர் திருமலை என்று சுருக்கிச் சொல்வது திருகோணமலையை. ஒப்பிட அந்த ஊரையே எடுத்துக்கொள்கிறேன், யாழ்ப்பாணத்தையும் கொஞ்சம் சேர்த்து.

யாழ்ப்பாணத்தைச் சேர்க்கக் காரணம் உண்டு. அமெரிக்க மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து பண்டத்தரிப்பில் தங்கினார்; 1836இல் சென்னைக்கு மாறினார். அவருடைய பிள்ளைகள் 1853இல் தொடங்கியதுதான் ஆற்காடு மிஷன். அவர்களில் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822இல் பண்டத்தரிப்பிலேயே பிறந்தவர். அந்த மிஷன் முதலில் கால் ஊன்றிய ஊர்களில் சித்தூரும் ஒன்று. அப்போது சித்தூர் வட ஆற்காட்டில் இருந்தது. 1911இல்தான் தனி மாவட்டம் ஆனது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது யாழ்ப்பாணத்துச் சபையும் ஆற்காடு மிஷன் சபைகளும் ஒரே கூரைக்குள் வந்தன. இவ்வளவு நெருங்கிய உறவு இருந்தும் இரண்டு பக்கத்துப் பண்டிகையும் அண்ணன் தம்பி ஜாடையில் இல்லை. மிஷன் சொல்லிக்கொடுத்தது வேதமும் பள்ளிக்கூடமும். பண்டிகையை எப்படிக் கொண்டாடுவது என்பதை நம் ஆட்கள் அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிகளை அனுப்பிய நியூ இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு அப்படியொன்றும் பெரிய வரவேற்பு இருந்ததில்லை. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை அந்த நாளைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம்.

சித்தூர் வீட்டின் டிசம்பரைப் பார்த்தால் தீபாவளிக்குச் செய்வதெல்லாம் இரண்டு மாதம் தள்ளி நடப்பது போலத் தெரியும். சுவருக்குச் சுண்ணாம்பு, குடும்பம் முழுவதற்கும் புதுத்துணி, தையற்காரரிடம் தினம் ஒரு நடை. பச்சரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் இடித்து, வெல்லப்பாகில் கிளறி அதிரசம். பாகு பதம் தப்பினால் எண்ணெயில் பிரிந்துவிடும். அதனால் அன்று அடுப்படியில் அதிகாரம் ஆயாவுக்கு, தெலுங்கு வீடானால் அவ்வாவுக்கு. முறுக்கு, கஜ்ஜிக்காய் எல்லாம் மருமகள்களின் பொறுப்பு. மூங்கில் பிளாச்சில் கலர் காகிதம் ஒட்டிய ஸ்டாருக்குப் பதில் இப்போது கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஸ்டார் தொங்குகிறது. அதற்குக் கீழே வாசலில் மார்கழிக் கோலம், நடுவில் ‘ஹேப்பி கிறிஸ்துமஸ்’. தெருவின் மற்ற வாசல்களில் கோலத்தின் நடுவே பூசணிப்பூவோடு சாணிப் பிள்ளையாரோ கொப்பெம்மாவோ இருக்கும். கம்பியும் புள்ளியும் ஒன்றுதான்.

இரவில் கேரல் ரவுண்ட்ஸ். ஒரே வீட்டு முற்றத்தில் தமிழ்க் கீர்த்தனையும் தெலுங்குப் பாட்டும் அடுத்தடுத்துப் பாடப்படும். டிசம்பர் முதல் வாரத்திலேயே ஆரம்பிக்கும் ‘செமி கிறிஸ்துமஸ்’ கூட்டங்கள் தெலுங்கு நாட்டுக்கே உரியவை. எங்கும் கேக் வெட்டு, எங்கும் மைக். எனக்கு இந்த முன்கூட்டிய கொண்டாட்டம் கொஞ்சம் அலுப்புத்தான். உண்மையான நாள் வரும்போது தொண்டை போயிருக்கும். 25ஆம் தேதி விடியற்காலை ஆராதனை, போதகர் ஐயருக்குத் தோத்திரம், வீட்டுக்கு வந்தால் மட்டன் பிரியாணி. 2014க்குப் பின் சில ஆண்டுகள் ஆந்திர அரசு சங்கராந்தி கானுக என்ற அன்பளிப்பைப் போலவே கிறிஸ்துமஸ் கானுகவும் ரேஷன் கடையில் கொடுத்தது: வெல்லம், பருப்பு, எண்ணெய், நெய். கொடுத்த பொருள்களைப் பாருங்கள். பலகாரம் செய்யத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

திருகோணமலையில் டிசம்பர் என்றால் வடகீழ்ப் பருவமழை. அடித்த சுண்ணாம்பு காயாது. கரோல் கோஷ்டி குடையோடு வரும். வேலை வீட்டுக்குள்தான். ரிச் கேக்குக்கு வேண்டியதை மாதம் பிறக்குமுன்பே நறுக்கத் தொடங்குவார்கள்: கஜு, பிளம்ஸ், சுல்தானா, செரி, இஞ்சிப் பாகு, பூசணிக்காய்த் தோசி, சௌசௌ பாகு. பிராந்தியும் தேனும் ஊற்றி மூடிவைத்து, மாவுக்குப் பதில் வறுத்த ரவையும் மஞ்சட்கருவும் பட்டரும் சேர்த்து, அவண் இல்லாத காலத்தில் பேக்கரிப் போறணைக்குத் தட்டைக் கொடுத்தனுப்பிச் சுட்டெடுத்தார்கள். பிறகு தீப்பெட்டி அளவுத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளில் பொதிந்து, மேலே மினுங்கும் தாள். இதோடு லவ் கேக். கூடவே பயத்தம் பணியாரமும் சீனி அரியதரமும் சுடுவார்கள்; ஆனால் தட்டின் நடுவிடம் கேக்குக்குத்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூவரும் வரிசையாக ஆண்ட கரையில் அடுப்படிக்குள்ளும் மூவரும் வந்துவிட்டார்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் போர்த்துக்கேயப் பறங்கியர் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுடைய கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தைக் கலியாண வீட்டில் பார்க்கலாம்.

கத்தோலிக்க வீடானால் வைக்கோல் வேய்ந்த பாலன் குடில், நள்ளிரவுப் பூசை, பூசை முடிந்ததும் சீனவெடி. போர்க்காலத்தில் இந்த வரிசை குலைந்தது. ஊரடங்கு இருந்தால் நள்ளிரவுப் பூசை மாலையிலேயே முடிந்துவிடும். வெடிச்சத்தத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள யாராலும் முடியவில்லை. 2001இல் விடுதலைப் புலிகள் ஒருதலைப் போர்நிறுத்தம் தொடங்கியது டிசம்பர் 24 நள்ளிரவில். 2005இல் மட்டக்களப்பு மரியாள் பேராலயத்தின் நத்தார்ப் பூசையிலேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, பலகாரத் தட்டு காலியாகுமுன் டிசம்பர் 26 சுனாமியில் கடல் ஏறி வந்தது. அந்த ஒரு காலை மட்டும் திருகோணமலையும் வேளாங்கண்ணியும் ஒரே நிலையில் இருந்தன. சித்தூர்க்காரருக்கு இப்படியொரு கணக்கு இல்லை. அவருடைய கிறிஸ்துமஸ் கதைகள் பாகு முறிந்த கதைகள்.

தட்டு எந்த வீட்டுக்குப் போகிறது என்பதைப் பார்த்தால் இங்கே அதிரசம், அங்கே கேக் என்ற வேறுபாட்டின் காரணம் துலங்கும். 2011 கணக்கெடுப்பில் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. சித்தூர்த் தெருவில் அடுத்த வீடும் எதிர்வீடும் இந்து வீடுகள். மார்கழி விரதம், ஐயப்பனுக்கு மாலை, பலர் முட்டையே தொடமாட்டார்கள். கேக்கை நீட்டினால் ‘முட்டை போட்டதா?’ என்ற கேள்வி வரும். அதிரசத்தை நீட்டினால் வராது. தீபாவளிக்கு வந்த தட்டுக்குப் பதில் தட்டு, அதே பாஷையில். பிரியாணி வீட்டோடும் உறவோடும் நின்றுவிடும்.

இலங்கையில் 2012 கணக்கெடுப்புப்படி கிறிஸ்தவர் ஏழு விழுக்காட்டுக்குச் சற்று மேல், அதுவும் சிங்களவர், தமிழர், பறங்கியர் என்று பரவியவர்கள். நீர்கொழும்புச் சிங்களக் கத்தோலிக்கரும் திருகோணமலைத் தமிழரும் ஒரே ரிச் கேக்கைச் சுடுகிறார்கள். பௌத்த வீட்டுக்கும் இந்து வீட்டுக்கும் நத்தார்க் கேக் பழகியதுதான். திருகோணமலையில் கவனமாக இருக்கவேண்டியது முஸ்லிம் அயலவருக்கு அனுப்பும்போது: அவர்களுக்குப் பிராந்தி படாத கேக் தனியாக. சித்தூரில் முட்டைக்குத் தடை, திருகோணமலையில் பிராந்திக்குத் தடை. இரண்டும் விவிலியத்தில் இல்லை, மிஷன் சட்டத்திலும் இல்லை, அயல்வீட்டு மரியாதை. எது ருசி என்று கேட்டால் என் வாக்கு அதிரசத்துக்கு. ஆனால் மூன்று வாரம் கழித்து எது கெடாமல் இருக்கும் என்றால் பிராந்திக் கேக்தான்.

கேக் பண்டிகைக்கு ஒரு பலவீனம் உண்டு: சந்தை ஆடினால் அதுவும் ஆடும். 2022 நெருக்கடியில் இலங்கையில் பட்டரும் முட்டையும் எட்டாத விலைக்குப் போயின. பல வீடுகளில் கேக்கின் அளவு குறைந்தது. அடுத்த ஆண்டு அரசு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. முதலில் அது பேக்கரிக்காரருக்கு மட்டும் என்று விதி போட்டார்கள்.