உயரத்துக்கு ஒரு காரணம்

வலைப்பூவின் பிரிவுகளைப் பட்டியலாகப் போட்டாலே வேலை முடிந்துவிடும். சிறுகதை, கவிதை, நூல் மதிப்புரை, பயணம், சினிமா என்று ஒன்றன்கீழ் ஒன்று. பக்கத்திலேயே பதிவுகளின் எண்ணிக்கை. வருகிறவருக்கு வழி தெரிய அது போதும். ஆனால் அதே பிரிவுகள் நல்லதொரு மேசன்ரி கட்டத்தில், அதாவது உயரம் மாறுபடும் அட்டைகளின் அடுக்கில் அமர்ந்திருந்தால், வழி கேட்க வந்தவரும் சற்று நின்று பார்ப்பார்.

எல்லா அட்டையும் ஒரே அளவில் இருக்கும் சதுரக் கட்டம் கறாரானது. படம் நெடியதாக இருந்தால் தலையையோ காலையோ வெட்டும். குறிப்பு நீண்டால் மூன்று புள்ளி வைத்து வாயை அடைக்கும். குறிப்பு இரண்டே சொல்லில் முடிந்தால், மிச்ச இடத்தை வெறுமையாகக் காட்டி மானத்தை வாங்கும். மேசன்ரி கேட்பது ஒன்றைத்தான்: அகலம் எல்லாருக்கும் ஒன்று. உயரம் அவரவர் சரக்குக்கு ஏற்றபடி.

மேசன்ரி என்ற பெயர் கொத்துவேலையைக் குறிப்பது. கருங்கல் சுவர் எழுப்பும் கொத்தனார் குழியைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் கல்லைக் குவியலில் தேடுவார். மேசன்ரியின் வேலை இதற்கு நேர்மாறு. கற்கள் வந்த வரிசை மாறக் கூடாது. கையில் இருக்கும் கல்லுக்குத்தான் இடம் தேட வேண்டும். அதற்கு அது வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: மேலிருந்து கீழிறங்கும் பத்திகளில் எது இப்போது எல்லாவற்றிலும் குட்டையோ, அதன் அடியில் வை. மூன்று பத்திகள், முதல் மூன்று அட்டைகளின் உயரம் 200, 320, 260 பிக்சல் என்று கொள்வோம். நான்காவது அட்டை முதல் பத்திக்குப் போகும். அதன் உயரம் 150, இடைவெளி 20 என்றால் அந்தப் பத்தி 370 ஆகிவிடும். ஆகவே ஐந்தாவது அட்டை நடுவில் விழாது, 260-இல் நிற்கும் மூன்றாம் பத்திக்குத் தாவும். இவ்வளவு எளிய விதியிலிருந்து இத்தனை இயல்பான ஒழுங்கின்மை பிறப்பதுதான் இந்தக் கலையின் அழகு.

டேவிட் டிசாண்ட்ரோ என்ற வடிவமைப்பாளர் 2009-இல் இதை ஜாவாஸ்கிரிப்ட் நிரலியாக எழுதி, மேசன்ரி என்று பெயரிட்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த பின்ட்ரெஸ்ட் இந்தத் தோற்றத்தை ஊரறியச் செய்தது. ஆனாலும் உலாவிக்கு இது சொந்த வித்தையாக வெகுகாலம் வரவில்லை. 2017-இல் முக்கிய உலாவிகளுக்கு வந்த, இணையப் பக்கத் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் கிரிட் முறை வரிசையும் பத்தியும் பிசகாத கட்டங்களைத்தான் தந்தது. 2020-இல் மோசில்லாவின் மேட்ஸ் பாம்கிரன், மேசன்ரியை அந்த கிரிட்டுக்குள்ளேயே சேர்க்கலாம் என்று முன்மொழிந்தார். 2024-இல் சஃபாரி தரப்பு அதை ஆதரிக்க, குரோம் தரப்பு இது தனி முறையாக இருக்கட்டும் என்றது. நீண்ட வாதத்துக்குப் பிறகு ‘கிரிட் லேன்ஸ்’ என்ற பெயரில் உடன்பாடு ஏற்பட்டது. ஓர் அட்டை எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு இத்தனை ஆண்டு வாதம் நடந்தது எனக்கு வியப்பாக இல்லை. அதில் வாசிப்பின் வரிசையும் அடங்கியிருக்கிறது.

அந்த வரிசையில்தான் நல்ல மேசன்ரியையும் போலியையும் பிரித்தறியலாம். சிஎஸ்எஸ்ஸில் உரையைப் பத்திகளாகப் பிரிக்கும் பழைய வசதி ஒன்று உண்டு. அதைக் கொண்டு இதே தோற்றத்தைச் சுலபமாக வரவழைக்கலாம். ஆனால் அது முதல் பத்தியை அடிவரை நிரப்பிவிட்டுத்தான் அடுத்ததற்கு ஏறும். நீங்கள் இரண்டாவதாக வைத்த ‘கவிதை’ முதல் அட்டைக்குப் பக்கத்தில் வராது, அதன் அடியில் கிடக்கும். உண்மையான மேசன்ரியில் முதலில் வைத்தவை மேலே நிற்கும். பின்னால் வருபவை ஏறக்குறைய வரிசைப்படி இறங்கும். அந்த ‘ஏறக்குறைய’வைக் கட்டுக்குள் வைப்பதில்தான் நுட்பம். இரண்டு பத்திகளுக்கு ஒரு பிக்சல் வேறுபாடு என்பதற்காக அட்டை எதிர்க்கோடிக்குத் தாவினால் கண் தடுமாறும். விசைப்பலகையில் டேப் தட்டிச் செல்பவர் இன்னும் தடுமாறுவார். புதிய முறையில் இதற்கென்று ஒரு சகிப்பெல்லை வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஓர் எழுத்தின் உயரத்துக்குள் அடங்கும் வேறுபாட்டைச் சமமாகவே எடுத்துக்கொண்டு, வரிசையைக் காப்பாற்றுகிறது. பார்வையாளர் கண்ணுக்கே படாத இந்த ஏற்பாட்டை நான் மிகவும் ரசிக்கிறேன்.

இனி உயரம். பிரிவுகளைக் காட்டும் மேசன்ரிகளில் பெரும்பாலானவை கோட்டைவிடும் இடம் இது. கட்டம் ஏறி இறங்கித் தெரிய வேண்டும் என்பதற்காக, கையில் கிடைத்த படங்களை நெட்டையும் குட்டையுமாக ஒட்டிவிடுகிறார்கள். ‘சினிமா’ அட்டை ஏன் ‘பயண’த்தைவிட இரண்டு மடங்கு உயரம் என்று கேட்டால் பதில் கிடையாது. தேர்ந்த வடிவமைப்பில் உயரம் சரக்கிலிருந்து வரும். நூல் மதிப்புரை அட்டையில் நான்கு அண்மைத் தலைப்புகள், பயணத்தில் அகலவாட்டப் படம் ஒன்று, கவிதையில் ஒற்றை வரி அறிமுகம் என்று இருந்தால், அந்தப் பக்கம் எழுதுகிறவரின் நாட்டத்தையே காட்டிவிடும். வேர்ட்பிரஸ்ஸில் பிரிவு சொல்லாமல் விட்ட பதிவுகள் ‘வகைப்படுத்தாதவை’ என்ற கூடையில் போய் விழும். அந்த அட்டை கட்டத்தில் எல்லாவற்றையும்விட நெடிதாக வளர்ந்து நின்றால், அதுவும் அவரைப் பற்றிய உண்மைதான்.

தமிழில் செய்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நம் எழுத்துகள் அகலமானவை. சொற்கள் புணர்ந்து நீள்பவை. ‘மொழிபெயர்ப்புச் சிறுகதைகள்’ ஒடுங்கிய அட்டையில் முட்டிக்கொள்ளும். நான்கு பத்தி போடத் தோன்றும் இடத்தில் மூன்றோடு நிறுத்தி, வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டால் தலைப்பு மூச்சுவிடும். படங்களின் அளவை முன்கூட்டியே உலாவிக்குச் சொல்லிவைப்பதும் இதே அக்கறையில் சேர்ந்தது. சொல்லாவிட்டால், படம் வந்து இறங்க இறங்க அட்டைகள் இடம் மாறி, ‘கவிதை’யைத் தொடப் போன விரல் ‘சினிமா’வைத் தொடும்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பாடம் ஒன்று, பாடம் இரண்டு என்று படிநிலை உள்ள பிரிவுகளுக்கோ, அகரவரிசையில் தேட வேண்டியவற்றுக்கோ சாதாரணப் பட்டியலே மேல். தம்மில் மூத்தது இளையது என்றில்லாத பிரிவுகளுக்குத்தான் மேசன்ரி அழகு.

தரம் பார்க்க நான் செய்வது ஒன்றுதான்: அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் திறப்பேன். அங்கே பத்திகள் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஏற்ற இறக்கமெல்லாம் போய், அட்டைகளின் வரிசையும் அவற்றில் உள்ள சொற்களும் மட்டுமே மிஞ்சும். அப்போதும் அடுத்த பிரிவு என்ன என்று விரல் கீழே தள்ளிக்கொண்டே போனால், பெரிய திரையில் பார்த்த அழகு சரக்கிலிருந்தே வந்தது என்று நம்பலாம்.