பதினைந்து வயதில் தொடங்கும் மதிப்பெண் பட்டியல்

மே மாதம் வந்துவிட்டால் டெக்சஸ் முழுவதும் ஒரே மாதிரியான படங்கள் சுற்றுகின்றன. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே கம்யூனிட்டி காலேஜின் அசோசியேட் பட்டத்தைக் கையில் ஏந்தி நிற்கும் பிள்ளைகள்; 'இரண்டு வருஷக் கல்லூரிச் செலவு மிச்சம்' என்று கீழே பெற்றோரின் வரி. டல்லாஸ், ஹூஸ்டன் புறநகர்த் தமிழ்க் குடும்பங்களிலும் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் எத்தனை டூயல் கிரெடிட் (பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒருசேரக் கணக்காகும் பாடம்) எடுக்கப்போகிறாய் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தயங்கினால், 'சும்மா கிடைப்பதை ஏன் விடவேண்டும்?' என்ற ஒரே பதில் வருகிறது. அது சும்மா கிடைப்பதல்ல என்பதுதான் என் வாதம்.

இந்த ஏற்பாட்டின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. மெக்சிகோ எல்லையோரம் மக்காலனில் உள்ள சவுத் டெக்சஸ் காலேஜ் போன்றவை, வீட்டில் ஒருவர்கூடக் கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கின்றன. 2023-இல் வந்த மாநிலச் சட்டம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லாமல் செய்ய வழி வகுத்தது. பள்ளிப் பாடத்தில் சலிப்படைந்த மாணவிக்கு ஒரு நல்ல பேராசிரியர் கிடைத்தால் அவள் வாழ்க்கையே திசை மாறலாம். இதெல்லாம் உண்மை.

ஆனால் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து விழுந்த அன்றே அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு கல்லூரி மதிப்பெண் பட்டியல் திறக்கிறது. அது வாழ்நாள் முழுவதும் மூடுவதில்லை. படிவத்தை நீட்டும் கவுன்சிலருக்கு இதை விளக்க நேரமில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் நாம் கேட்பதும் இல்லை.

ஆங்கிலம் 1301 என்ற கல்லூரிப் பாடத்தை எடுக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவனை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் ஒரு தேர்வில் தவறினால் மறுபடி எழுதவிடுவார்கள். தாமதமாகக் கொடுத்த வேலைக்குப் பாதி மதிப்பெண்ணாவது விழும். கல்லூரிப் பேராசிரியருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. முதல் நாள் கேன்வாஸ் என்ற இணையப் பாடத்தளத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கப் பாடத்திட்டத்தை ஏற்றிவிடுவார். கட்டுரைக்குக் கடைசி நேரம் ஞாயிறு இரவு 11:59, பிந்தினால் பூஜ்யம் என்று அதன் நடுவில் எங்கோ ஒரு வரி இருக்கும். பையன் அன்று மாலை பேண்ட் பயிற்சி முடிந்து களைத்து வந்திருப்பான். அந்தப் பக்கத்தை யார் திறந்து பார்க்கிறார்கள்?

இன்னொரு தேதியும் இருக்கிறது. பதினாறு வார செமஸ்டரில் பன்னிரண்டாவது வகுப்பு நாளுக்குள் விலகினால் அந்தப் பாடத்தின் தடமே இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் பட்டியலில் W விழும். விலகும் கடைசி நாளும் கடந்துவிட்டால், வாங்கும் D-யோ F-ஓ அப்படியே நிற்கும். சேர்க்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கும் பெற்றோரில் இந்தப் பன்னிரண்டாவது நாளைத் தெரிந்தவர்களை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

விளைவுகள் பிறகு வரும். பள்ளி மாணவர்களுக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகை பொதுவாகக் கிடையாது. ஆனால் பள்ளிப் பருவத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்கள், பின்னாளில் அந்த உதவிக்குத் தகுதி பார்க்கும்போது கணக்கில் ஏறுகின்றன. எடுத்த கிரெடிட்டில் 67 விழுக்காட்டையாவது முடித்திருக்க வேண்டும், ஜிபிஏ 2.0-க்குக் குறையக்கூடாது என்பது பெரும்பாலான கல்லூரிகளின் விதி. நான்கு பாடம் எடுத்து இரண்டில் W வாங்கியவன் 50 விழுக்காட்டில் நிற்கிறான். அதே கம்யூனிட்டி காலேஜில் அவன் மேற்கொண்டு படிக்கப் போனால், முதல் நாளே உதவித்தொகை கேள்விக்குறி. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நாளிலோ, பதினைந்து வயதில் வாங்கிய C-யும் ஜிபிஏ கணக்கில் சேரும். அதுவரை காத்த கிரெடிட்டுக்கு உத்தரவாதமும் இல்லை: பள்ளிப் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்த பாடத்தை ஏற்க மறுக்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. மிச்சம் பிடித்ததாகச் சொன்ன பணம் அங்கே மிச்சமே இல்லை.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் பிள்ளைக்குத் துணை நிற்பது என்றால் என்ன? நம் வீடுகளில் அது இரண்டு உருவம் எடுக்கிறது. சிலர் கையெழுத்தோடு ஒதுங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் பிள்ளையின் பாஸ்வேர்டில் நுழைந்து, பிள்ளையின் பெயரில் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்கள். 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவேட்டு உரிமை அவருடையதே. வயது பதினைந்தானாலும் அப்படித்தான். பெற்றோருக்குத் தகவல் தரக் கல்லூரிக்குக் கடமை இல்லை. அதனால்தான் இந்தத் திருட்டு நுழைவு. அம்மா எழுதிய கடிதத்தால் கிடைத்த கால நீட்டிப்பு அந்த வாரத்தைக் காப்பாற்றும். பேராசிரியரைப் பார்க்கப் போகவும், புரியவில்லை என்று சொல்லவும் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய வாரமும் அதுதான். அதைப் பிடுங்கிக்கொள்வதற்குத் துணை என்று பெயர் வைக்க என்னால் முடியவில்லை.

பள்ளியும் கல்லூரியும் ஏன் நிதானிக்கச் சொல்வதில்லை? அவர்களுடைய கணக்கு வேறு. ஆங்கிலத்திலோ கணக்கிலோ 3 கிரெடிட், அல்லது எந்தப் பாடத்திலானாலும் 9 கிரெடிட் முடித்த மாணவர், பள்ளியின் தரமதிப்பீட்டில் கல்லூரிக்குத் தயாரானவராகக் கூட்டப்படுகிறார். பட்டத்துக்கு உதவும் 15 கிரெடிட்டை ஒரு பள்ளி மாணவர் முடித்தால் கம்யூனிட்டி காலேஜுக்கு மாநில நிதி வருகிறது. 2015-லிருந்து எத்தனை பாடம், எந்த வகுப்பில் எடுக்கலாம் என்ற வரம்பும் இல்லை. முடித்த கிரெடிட்டை எண்ணுவதற்கு ஆள் இருக்கிறார்கள். W வாங்கிக் கூனிக் குறுகிய பிள்ளையை எண்ண ஒருவரும் இல்லை. இப்படி அமைந்த ஏற்பாட்டில் நிதானம் வீட்டிலிருந்துதான் வரவேண்டும், வீடோ படம் எடுக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். முதல் செமஸ்டரில் ஒரு பாடம் போதும். பாடத்திட்டம் வந்த அன்றே பிள்ளையோடு உட்கார்ந்து, அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பேராசிரியருக்கான கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும். கேட்டால் மட்டும் படித்துப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கினால் பன்னிரண்டாவது வகுப்பு நாள் செப்டம்பர் இரண்டாம் வார வாக்கில் வரும். கல்லூரி நாட்காட்டியில் சரியான தேதியைப் பார்த்துக் குறித்துவையுங்கள். அதற்கு முந்தின மாலை, தொடர்வதா விலகுவதா என்று பிள்ளையைக் கேளுங்கள். விலகுகிறேன் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் சம்மதியுங்கள்.